துவரையின் எழுத்தைப் படித்துவிட்டார்களாமே!



போன மாதம் மயிலாடும்பாறைப் பக்கத்துக் குழுக்களின் தொகுப்புக் கூட்டம் நடந்தது. சேமிப்பு, கடன் திருப்பம், தவணை தவறியவர்கள் என்று எல்லாம் பேசி முடித்து, டீ வந்த நேரத்தில் ஒரு அக்கா கேட்டார்: "துவரையோட எழுத்தையெல்லாம் டில்லியிலயும் ஐதராபாத்துலயும் படிச்சு வச்சிருக்காங்களாமே. எம் மகனுக்குக் காலேஜ்ல சொல்லிக் கொடுத்திருக்காக. அப்ப இனிமே நம்ம வெதையும் அவங்க கைக்குப் போயிருமா?"

"துவரைக்கு ஏதுக்கா எழுத்து?" என்று இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஆனால் அந்த அக்கா கடைசியாகக் கேட்ட கேள்விக்கு யாரும் சிரிக்கவில்லை. காரணம் உண்டு. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது விதைக்கென்று சுரைக்குடுக்கையில் வைத்திருந்த மொச்சையை வேகவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்த வீடுகள் நம் கூட்டமைப்பிலேயே இருக்கின்றன. அடுத்த வருஷம் சந்தையில் வாங்கி விதைத்தார்கள். பழைய மொச்சை திரும்பி வரவே இல்லை. விதை கைவிட்டுப் போவது என்றால் என்ன என்று அந்த வீடுகளுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த இதழில் இதை விளக்கமாக எழுதுகிறோம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டு வந்தோம். புரிந்தவர்களிடம் கேட்டும், படித்தும் எழுதியிருக்கிறோம். ஒரே மூச்சில் படிக்க முடியாவிட்டால் இரண்டு கூட்டத்தில் பாதி பாதியாக வாசியுங்கள்.

எழுத்து என்று எதைச் சொல்கிறார்கள்?

ஒரு துவரைச் செடியின் இலை, வேர், பூ, விதை எல்லாமே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளால் ஆனவை. அந்த அறைக்கு செல் என்று பெயர். ஒவ்வொரு அறைக்குள்ளும் மிக மெல்லிய நூல் சுருண்டு கிடக்கிறது. அதுதான் டி.என்.ஏ. பாசிமணி கோத்த மாதிரி, நாலே நாலு வகை ரசாயனப் பொருள்கள் அந்த நூலில் வரிசையாக நிற்கின்றன. விஞ்ஞானிகள் அவற்றை ஏ, டி, ஜி, சி என்று நாலு எழுத்தாகக் குறிக்கிறார்கள். நம் தமிழுக்கு 247 எழுத்து. செடிக்கு நாலு எழுத்து போதும். செடி எவ்வளவு உயரம் வளரணும், எத்தனை நாளில் பூக்கணும், விதை சிவப்பா வெள்ளையா, எந்த நோயைத் தாங்கும் என்பதெல்லாம் அந்த நாலு எழுத்தை மாற்றி மாற்றி அடுக்கி எழுதப்பட்டிருக்கிறது.

அதில் ஒரு வேலைக்கு உரிய ஒரு பகுதியை மரபணு என்கிறார்கள். நூல் முழுவதையும் சேர்த்து மரபணுத் தொகுப்பு, அதாவது ஜீனோம் என்கிறார்கள். அந்த நூலை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வரிசை மாறாமல் படித்து எழுதி வைப்பதுதான் நாம் இன்று பேசுகிற விஷயம்.

துவரையில் இந்த நூல் 11 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றை எடுத்து எண்ணினால் ஏறக்குறைய 83 கோடி எழுத்து வருகிறது. 200 பக்க நோட்டில் பக்கத்துக்கு 2,000 எழுத்து எழுதினாலும் இரண்டாயிரம் நோட்டுக்கு மேல் வேண்டும்! அதுவும் பாதிக்குப் பாதி, எழுதினதையே திரும்பத் திரும்ப எழுதின மாதிரி இருக்கும். ஒரு கைப்பிடித் துவரையில் எத்தனை விதை இருக்கும்? அத்தனை விதையிலும், விதையின் அத்தனை அறையிலும், இந்த முழுப் புத்தகமும் இருக்கிறது.

எப்படிப் படிக்கிறார்கள்?

இவ்வளவு நீளத்தையும் ஒரே மூச்சில் படிக்கிற இயந்திரம் கிடையாது. துண்டு துண்டாகத்தான் படிக்க முடியும். நம் குழுவின் தீர்மான நோட்டை வைத்துச் சொன்னால் இது சுலபமாகப் புரியும்.

உங்கள் தீர்மான நோட்டை ஐம்பது பிரதி ஜெராக்ஸ் எடுங்கள். ஐம்பதையும் கண்டபடி கிழித்து ஒரே சாக்கில் போட்டுக் குலுக்குங்கள். இப்போது ஒவ்வொரு துண்டாக எடுத்துப் படியுங்கள். ஒரு துண்டில் "தலைவி தலைமையில் கூட்டம் நடைபெற்றது, ஆறு பேருக்கு" என்று இருக்கும். இன்னொரு துண்டில் "நடைபெற்றது, ஆறு பேருக்கு ஆடு வாங்கக் கடன்" என்று இருக்கும். இரண்டிலும் பொதுவாக இருக்கும் வார்த்தைகளைப் பார்த்து ஒன்றோடு ஒன்றை ஒட்டிவிடலாம். எல்லாப் பிரதியும் ஒரே இடத்தில் கிழியாததால்தான் ஒட்ட முடிகிறது. இப்படியே ஒட்டிக்கொண்டு போனால் கடைசியில் முழு நோட்டும் வந்துவிடும்.

ஆனால் ஒரு சிக்கல். நம் நோட்டில் "அனைவரும் ஒப்புதல் அளித்தனர்" என்பது எத்தனை இடத்தில் வரும்? அந்தத் துண்டு மட்டும் கையில் கிடைத்தால் எந்த மாதக் கூட்டம் என்று எப்படிச் சொல்வது? செடியின் நூலிலும் திரும்பத் திரும்ப வரும் பகுதிகள்தான் விஞ்ஞானிகளைப் படாத பாடு படுத்துகின்றன. இந்த ஒட்டுவேலையைக் கம்ப்யூட்டர்தான் செய்கிறது.

நெல்லை இப்படிப் படிக்கப் பல நாடுகள் சேர்ந்து 1998-ல் ஆரம்பித்தன. ஜப்பான் முன்னால் நின்றது. நெல்லுக்கு 12 ஜோடி. ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு பங்கை எடுத்துக்கொண்டது. 11-வது நூலில் ஒரு பகுதியை டில்லியில் உள்ள விஞ்ஞானிகள் படித்தார்கள். 2005-ல் முழுதும் வெளியானது: 38 கோடியே 90 லட்சம் எழுத்து. அன்றைக்கு அது பெரிய தேர் இழுக்கிற மாதிரி வேலை. இன்றைக்குக் கைக்குள் அடங்குகிற அளவில்கூடப் படிக்கும் கருவி வந்துவிட்டது. செலவும் எத்தனையோ மடங்கு குறைந்துவிட்டது.

துவரைக்கு முறை வந்தது 2011-ல்

உலகத்தில் துவரையை அதிகம் விளைவிப்பதும் நாம்தான், அதிகம் சாப்பிடுவதும் நாம்தான். அப்படியும் பற்றாமல் மியான்மரிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் கப்பலில் வாங்குகிறோம். பல வருஷமாக நாட்டின் சராசரி விளைச்சல் ஏக்கருக்கு 300 கிலோவைச் சுற்றியே நிற்கிறது. நெல்லுக்கும் கோதுமைக்கும் கிடைத்த கவனிப்பு துவரைக்குக் கிடைக்கவில்லை. மானாவாரிப் பயிர், ஏழை வீட்டுப் பயிர், பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கும் பயிர். அதனால்தானோ என்னவோ என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

2011-ல் இரண்டு குழுவினர் தனித்தனியாகத் துவரையின் எழுத்தைப் படித்து வெளியிட்டார்கள். ஒன்று, டில்லியில் உள்ள தேசியத் தாவர உயிரித் தொழில்நுட்ப ஆராய்ச்சி மையத்தில் நாகேந்திர குமார் சிங் தலைமையில் இந்திய விஞ்ஞானிகள் செய்தது. இன்னொன்று, ஐதராபாத் பக்கம் பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனத்தில் ராஜீவ் வார்ஷ்ணே தலைமையில் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து செய்தது. இரண்டு குழுவும் படித்தது 'ஆஷா' என்ற ஒரே ரகத்தை. வாடல் நோயையும் மலட்டுத் தேமல் நோயையும் தாங்குகிற ரகம் அது. இக்ரிசாட் குழுவினர் முதல் தடவையில் நூறில் 73 பங்கைத்தான் ஒட்டிச் சேர்த்தார்கள். அதில் 48,680 மரபணுக்கள் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். மனுஷருக்கு இருப்பது 20,000 அளவில்தான்! துவரை நம்மைவிடக் கெட்டிக்காரி என்று அதற்கு அர்த்தமில்லை. நகர முடியாமல் ஒரே இடத்தில் நின்றுகொண்டு வெயில், பூச்சி, நோய் எல்லாவற்றையும் சமாளிக்க வேண்டியிருக்கிறதே.

ஒரு ரகத்தைப் படித்தால் போதுமா? போதாது. ஒரே கும்மிப் பாட்டை வருசநாட்டில் ஒருவிதமாகவும் கம்பத்தில் ஒருவிதமாகவும் பாடுகிறார்கள் அல்லவா? பாட்டு ஒன்றுதான், அங்கங்கே வார்த்தை மாறும். அதுபோல ஒவ்வொரு ஊர்த் துவரையிலும் அங்கங்கே எழுத்து மாறியிருக்கும். அந்த மாற்றத்தில்தான் ஒன்று வறட்சியைத் தாங்குகிறது, ஒன்று ருசியாக இருக்கிறது, ஒன்று சீக்கிரம் வேகிறது. அதனால் 2017-ல் துவரைகளும் அதன் காட்டுச் சொந்தங்களுமாக 292 வகைகளைப் படித்து ஒப்பிட்டார்கள். துவரை இந்த மண்ணில் பிறந்த பயிர், மத்தியப் பிரதேசப் பக்கமாக முதலில் பயிராகியிருக்கலாம் என்று அதிலிருந்து சொன்னார்கள்.

படித்ததால் என்ன பிரயோஜனம்?

புது ரகம் எடுப்பது எப்படி என்று முதலில் பார்ப்போம். நோய் தாங்குகிற துவரையின் மகரந்தத்தை நன்றாகக் காய்க்கிற துவரையின் பூவில் சேர்க்கிறார்கள். அதில் வருகிற விதையை விதைக்கிறார்கள். பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரி வராது. தாய் ஜாடை சில, தகப்பன் ஜாடை சில. எது நோய் தாங்கும் என்று தெரிய, செடி வளர்ந்து நோய் வரும்வரை காத்திருக்கணும். மலட்டுத் தேமல் வந்த செடியை நீங்களே பார்த்திருப்பீர்கள். புதர் மாதிரி தழைத்து நிற்கும், இலை வெளுத்திருக்கும், காய் மட்டும் இருக்காது. அது தெரிவதற்குள் பல மாதம் போய்விடும். இப்படி வருஷத்துக்கு ஒரு தலைமுறை என்று பார்த்துப் பார்த்துக் கழித்து ஒரு ரகம் வெளிவர எட்டுப் பத்து வருஷம் ஆகும்.

நோய் தாங்கும் எழுத்து எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், நாற்றுப் பருவத்திலேயே ஒரு சின்ன இலைத்துண்டைக் கிள்ளிப் பரிசோதித்துச் சொல்லிவிடலாம். வேண்டாத செடிகளை அப்போதே கழித்துவிடலாம். எழுத்துப் படித்ததன் பெரிய பலன் இதுதான். இதோடு இன்னொரு முறையும் சேர்ந்திருக்கிறது. விளக்கு வெளிச்சத்தையும் சூட்டையும் கட்டுப்படுத்தி வருஷத்துக்கு மூன்று நாலு தலைமுறை வளர்க்கிறார்கள். அப்படி எடுத்த ஒரு துவரையை இக்ரிசாட் 2025-ல் அறிவித்தது. 45 டிகிரி வெயிலையும் தாங்கி, 125 நாளில் விளைகிறதாம். கோடையில் துவரை என்பது நம் பாட்டிமார் கேள்விப்படாதது.

ஆனால் எழுத்தைப் படித்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடாது சகோதரிகளே. இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள்.

ஒடிசாவில் வெள்ளம் தேங்கும் பள்ளக்காடுகள் உண்டு. சாதாரண நெல் ஒரு வாரம் முழுசாகத் தண்ணீருக்குள் மூழ்கினால் அழுகிவிடும். அங்கே உழவர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த ஒரு நாட்டு நெல், பத்துப் பதினைந்து நாள் மூழ்கிக் கிடந்தாலும் தண்ணீர் வடிந்த பிறகு தலைதூக்கும். அந்த நாட்டு நெல்லிலிருந்து பொறுக்கி எடுத்த வகைக்கு எஃப்.ஆர்.13ஏ என்று ஆராய்ச்சி நிலையத்தில் எண் கொடுத்தார்கள். விஞ்ஞானிகள் பல வருஷம் அதை ஆராய்ந்து, வெள்ளம் தாங்கும் மரபணு எது என்று 2006-ல் கண்டுபிடித்து 'சப்-1ஏ' என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குணத்தை, பழைய முறைப்படி மகரந்தம் சேர்த்து, எழுத்தைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, மக்கள் விரும்பும் சுவர்ணா நெல்லில் கொண்டுவந்தார்கள். 2009-ல் சுவர்ணா சப்-1 நம் நாட்டில் வெளியானது. நம் தஞ்சாவூர்ப் பக்கத்துக்கு சி.ஆர்.1009 சப்-1 வந்தது.

யோசித்துப் பாருங்கள். கோடிக் கணக்கான எழுத்துக்கு நடுவே, வெள்ளம் தாங்கும் வரி எந்த நெல்லில் இருக்கிறது என்று இயந்திரம் சொல்லவில்லை. அந்தப் பள்ளக்காட்டில் வெள்ளம் வடிந்த பிறகு எது பிழைத்தது என்று பார்த்து, அதை மட்டும் தனியாக எடுத்து வைத்த ஆட்கள் சொன்னார்கள். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. விதை பொறுக்கி வைப்பது நம் வீடுகளில் யார் வேலை என்று உங்களுக்குத் தெரியும்.

நம் மொச்சையையும் படித்தாயிற்று

துவரையோடு விஷயம் நிற்கவில்லை. கடமலைக்குண்டு, வருசநாட்டுக் காடுகளில் விளையும் மொச்சையின் எழுத்தையும் 2023-ல் வெளியிட்டார்கள். இதை முன்னின்று செய்தவர்கள் ஆப்பிரிக்க விஞ்ஞானிகள், கென்யா நாட்டு நைரோபியில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். கால்நடைக்காரர்களுக்கு மொச்சையில் என்ன வேலை என்கிறீர்களா? பல நாடுகளில் அதன் கொடிதான் மாட்டுத் தீவனம்.

கொல்லையில் படரும் அவரையும், காட்டில் விதைக்கும் மொச்சையும் ஒரே சாதி. பிறந்த இடம் ஆப்பிரிக்கா. மனுஷர்கள் அதை இரண்டு தடவை, தனித்தனியாக, காட்டுக்கொடியிலிருந்து பயிராக்கியிருக்கிறார்கள் என்று எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்ததில் உறுதியானது. நம் ஊருக்கு வந்து ஆயிரக்கணக்கான வருஷம் ஆகிவிட்டதால் அதை நாம் நம்ம பிள்ளையாகவே வைத்திருக்கிறோம்.

இன்னொன்றும் பார்த்திருக்கிறார்கள். மொச்சையில் புரதம் நிறைய இருந்தாலும், அந்தப் புரதத்தைச் செரிக்க விடாமல் தடுக்கிற ஒரு பொருளும் இருக்கிறது. அந்தப் பொருளுக்குக் காரணமான மரபணுக்கள் நூலில் எங்கெங்கே இருக்கின்றன என்று குறித்திருக்கிறார்கள். மொச்சையை ராத்திரி முழுதும் ஊறவைத்து, தோலை உரித்து, நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிடணும் என்று அம்மாச்சிமார் சொன்னார்களே, அது இதற்குத்தான். வேகும் சூட்டில் அந்தப் பொருளின் வேகம் அடங்கிவிடும். காரணம் தெரியாமலேயே சரியாகச் செய்திருக்கிறோம்.

 பனி இறங்கினால்தான் பூக்கும் மொச்சை, வெள்ளை மொச்சை, கருப்பு மொச்சை, கரிசலில் வருவது, மலையடிவாரச் சரளையில் வருவது என்று நாம் சொல்லும் வித்தியாசங்களை எழுத்தோடு பொருத்திப் பார்க்கணும் என்றால், இங்கே வந்து நம்மிடம்தான் கேட்கணும். கேட்கிற அன்றைக்கு விதை நம்மிடம் இருக்கணும்.

இது பி.டி. மாதிரியா?

நிறையப் பேருக்கு வந்த சந்தேகம் இது. இல்லை. படிப்பது வேறு, மாற்றி எழுதுவது வேறு. 2002-ல் நம் நாட்டில் அனுமதித்த பி.டி. பருத்தியில் ஒரு மண் பாக்டீரியாவின் மரபணுவைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அது வேறொரு புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து இதில் ஒட்டுவது. இப்போது இன்னொரு முறையும் வந்திருக்கிறது. வெளியிலிருந்து எதையும் சேர்க்காமல் இருக்கிற எழுத்திலேயே திருத்தம் செய்வது. 2025 மே மாதம் அப்படித் திருத்திய இரண்டு நெல் ரகங்களை மத்திய அரசு அறிவித்தது. அது நல்லதா, போதுமான அளவுக்குச் சோதித்தார்களா என்று வாதம் நடக்கிறது. படித்தால்தான் திருத்த முடியும் என்பதால் இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனால் நீங்கள் வாங்குகிற கோ, வம்பன் ரகத் துவரை எதிலும் வெளி மரபணு சேர்க்கவில்லை. பயப்பட வேண்டாம்.

அப்படியானால் விதை யாருக்குச் சொந்தம்?

அந்த அக்கா கேட்ட கேள்விக்கு வந்துவிட்டோம்.

பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் என்று ஒன்று 2001-ல் வந்தது. அதன் 39-வது பிரிவு நமக்கு முக்கியமானது. ஒருவர் தன் நிலத்தில் விளைந்த விதையைச் சேர்த்து வைக்கலாம், திரும்ப விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். கம்பெனி பதிவு செய்த ரகமாக இருந்தாலும் இந்த உரிமை உண்டு. ரகத்தின் பெயர் போட்டு, பை கட்டி, லேபிள் ஒட்டி விற்கத்தான் கூடாது. 2019-ல் குஜராத்தில் உருளைக்கிழங்கு விளைவித்த உழவர்கள் மேல் பெப்சிகோ நிறுவனம், எங்கள் ரகத்தை விளைவித்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்டது. சிலரிடம் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு கேட்டது. உழவர் அமைப்புகள் இந்தப் பிரிவைக் காட்டித்தான் எதிர்த்து நின்றன. அந்த வழக்குகளை நிறுவனம் அதே வருஷம் திரும்பப் பெற்றது.

இதே பிரிவில் இன்னொன்றும் உண்டு. பதிவு செய்த ரக விதையை விற்கும்போது இவ்வளவு விளையும் என்று சொல்லிவிட்டு அப்படி விளையாமல் போனால் நஷ்டஈடு கேட்கலாம். நம் குழுக்களில் ஐந்தாறு பேர் ஒரு வருஷம் கடையில் துவரை விதை வாங்கினார்கள். செடி ஆள் உயரம் வந்தது, காய் பிடிக்கவில்லை. கேட்கப் போனால் பில் எங்கே, பை எங்கே என்றார்கள். பில் வாங்கவில்லை, பையை அடுப்பில் போட்டாயிற்று. அந்தக் கடனை வட்டியோடு கட்டி முடிக்க ஒன்றரை வருஷம் ஆனது. விதைக் கடன் வாங்குகிறவர் பில்லையும் காலிப் பையையும் அறுவடை வரைக்கும் வைத்திருக்கணும் என்று அதற்குப் பிறகுதான் தீர்மானம் போட்டோம்.

நாம் காலங்காலமாக வைத்திருக்கிற நாட்டு ரகத்தை நம் பெயரிலேயே பதிவு செய்யவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. உழவர் ரகத்துக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. பதிவுக்கு முதலில் திறந்த பயிர்களில் துவரையும் ஒன்று. அந்தச் சட்டப்படி அமைந்த ஆணையம் வருஷா வருஷம் விருது கொடுக்கிறது. பெயரைக் கேளுங்கள்: 'தாவர ஜீனோம் பாதுகாவலர் விருது'! நாட்டு ரகங்களைக் காப்பாற்றிய சமுதாயக் குழு என்றால் 10 லட்சம் ரூபாய். மகாராஷ்டிராவில் அகோலே தாலுகாவைச் சேர்ந்த ராஹிபாய் போபெரே என்ற பழங்குடிப் பெண் பள்ளிக்கூடமே போகாதவர். சுற்றுவட்டாரச் சுயஉதவிக் குழுப் பெண்களோடு சேர்ந்து நாட்டு விதைகளைச் சேகரித்தார். அவரிடம் உள்ளதில் பெயர்பெற்றது மொச்சை-அவரை வகைகள்தான். 2020-க்கான பத்மஸ்ரீ அவருக்குக் கிடைத்தது.

சரி, சட்டம் இருக்கிறது. அப்புறம் என்ன பயம்? பயம் வேறு இடத்தில் இருக்கிறது. முன்னெல்லாம் நம் விதை வேண்டும் என்றால் யாராவது வந்து ஒரு கை விதை வாங்கிப் போகணும். வந்தவர் யார் என்று நமக்குத் தெரியும். இப்போது ஒரு முறை எழுத்தைப் படித்துக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டால், உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். விதை வேண்டாம், எழுத்தே போதும் என்கிற நிலைமை வந்துகொண்டிருக்கிறது. எழுத்து எல்லோருக்கும் பொதுவாக இருப்பது நல்லதுதான். இல்லாவிட்டால் ஏழை நாட்டு விஞ்ஞானிகள் துவரையையும் மொச்சையையும் ஆராயவே முடியாது. ஆனால் அதிலிருந்து ஒரு கம்பெனி லாபம் எடுத்தால், விதையைக் காத்தவர்களுக்குப் பங்கு எங்கே?

இதைப் பற்றி உலக நாடுகள் பல வருஷம் பேசின. 2024-ல் கொலம்பியா நாட்டின் காலி நகரத்தில் ஐ.நா. பல்லுயிர் மாநாடு நடந்தது. இப்படிக் கம்ப்யூட்டரில் உள்ள எழுத்தைப் பயன்படுத்தும் பெரிய கம்பெனிகள், லாபத்தில் 1 சதவீதமோ, விற்பனை வருமானத்தில் 0.1 சதவீதமோ ஒரு பொது நிதியில் செலுத்த வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதில் குறைந்தது பாதி பழங்குடி மக்களுக்கும் உள்ளூர்ச் சமுதாயங்களுக்கும் போகணும். 'காலி நிதி' என்ற பெயரில் அது 2025 பிப்ரவரியில் தொடங்கியது. (பெயரைப் பார்த்து நிதி காலி என்று நினைத்துவிடாதீர்கள், அது ஊர்ப் பெயர்.) ஆனால் கட்டாயம் இல்லை, செலுத்தினால் உண்டு. கட்டாயம் இல்லாத சந்தா எப்படி வரும் என்று நம் குழுக்களுக்குத் தெரியாதா!

பங்கு என்று ஒன்று வந்தாலும், யாருக்கு என்று கேட்பார்கள். இந்த மொச்சை உங்கள் ஊருடையது என்பதற்கு என்ன அத்தாட்சி என்பார்கள். நம் வாய்வார்த்தை அங்கே செல்லாது.

விதை நோட்டு

2002-ல் வந்த பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும், 'மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு' என்று ஒன்றும் வைக்கணும். ஊரில் உள்ள பயிர் வகை, மரம், மூலிகை எல்லாம் அதில் ஏற வேண்டும். உங்கள் ஊராட்சியில் அந்தப் பதிவேடு எங்கே இருக்கிறது, நம் துவரையும் மொச்சையும் அதில் இருக்கிறதா என்று அடுத்த கிராமசபையில் கேளுங்கள். தனியாகக் கேட்டால் பதில் வராது, குழுவாகக் கேளுங்கள்.

கூட்டமைப்பில் நாங்கள் 'விதை நோட்டு' ஒன்று போட்டிருக்கிறோம். விதையின் பெயர், வைத்திருக்கும் உறுப்பினர், யாரிடமிருந்து வந்தது, எத்தனை வருஷமாக இருக்கிறது, எந்த மண்ணில் வருகிறது, எப்போது விதைப்பு, எத்தனை நாளில் பூ, பூ நிறம், மழை குறைந்த வருஷம் எப்படி இருந்தது, எந்தப் பூச்சி வராது, வேக எவ்வளவு நேரம், எந்தக் குழம்புக்கு நல்லது என்று எழுதுகிறோம். கடைசி இரண்டும் எதற்கு என்று ஒரு தம்பி கேட்டார். சமைத்துப் பார்க்காத ரகத்தை எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள் என்று கேட்டோம்.

தொகுப்புக் கூட்டத்துக்கு வரும்போது இரண்டு கை விதையைத் துணியில் முடிந்து, பெயரை எழுதி உள்ளே போட்டுக் கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், கணக்காளர் எழுதிக்கொள்வார். சாம்பல் கலந்து வைத்த விதையா, வேப்பிலை போட்டதா என்பதையும் சொல்லுங்கள். பாதி விதை கூட்டமைப்பு அலுவலகப் பானையில் இருக்கும். பாதி வேறொரு ஊரின் உறுப்பினர் வீட்டில் இருக்கும். ஒரு ஊரில் மழை பொய்த்தாலும் இன்னொரு இடத்தில் மிச்சம் இருக்கட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. பதிவு செய்வது பற்றிய விவரங்களுக்குக் காமாட்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

இதுவரை நோட்டில் மூன்று துவரையும் இரண்டு மொச்சையும் ஏறியிருக்கின்றன. மொச்சை இரண்டையும் கொண்டுவந்தவர்கள் குமணந்தொழு அக்கா ஒருவரும், தங்கம்மாள்புரத்து அம்மாச்சி ஒருவரும். பார்த்தால் விதை ஒரே மாதிரி இருக்கிறது, பெயர் மட்டும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். என்னுடையது வேறு, அவுகளுது வேறு என்று இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. வரும் ஆடியில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் நாலு நாலு சால் விதைத்துப் பார்ப்பதாக முடிவாகியிருக்கிறது. நிலம் கொடுக்க ஒரு உறுப்பினர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மார்கழிப் பனியில் எது முதலில் பூக்கிறது என்று பார்த்து, தை மாத இதழில் எழுதுகிறோம்.